அற்பப் பாவங்களும் மாயூரத்து முன்சீப்பும்

கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய தமிழ் ஞானோபதேச நூல்கள் பாவத்தைச் சாவான பாவம், அற்பப் பாவம் என இரண்டாகப் பகுக்கும். கொலையும் விபசாரமும் எந்த வகை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தராசுத் தட்டில் விரலை அழுத்துவது, வேலைக்கு வராத நாளுக்கு வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடுவது, கோப்பு நகர வேண்டும் என்பதற்காக நூறு ரூபாய்த் தாளை மடித்து நீட்டுவது ஆகியவை எந்த வகை? துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே உருவான எங்கள் புளியந்தோப்பில் நான் கண்டவரை, இவற்றைப் பாவம் என்று சொல்வோர் குறைவு. பிழைப்பு என்று சொல்வோரே மிகுதி. தவக்காலப் பிரசங்கங்களும் பெரும்பாலும் பெரிய பாவங்களைப் பற்றியே பேசுகின்றன. அன்றாடம் செய்யும் சிறு பிழையை ஒரு கிறிஸ்தவன் எப்படி வெல்வது என்ற கேள்வி கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர், புனிதர் பட்டியலில் இடம்பெறாத ஒரு நீதிபதி. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதாக ஒரு மதிப்பெண் வினாவுக்குள் அவரை நாம் அடக்கிவிட்டோம். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி நாவலில் கழியவில்லை. நீதிமன்ற மேசைக்குப் பின்னால் கழிந்தது.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்க மறையைத் தழுவிய வேளாளர் குடும்பம் அது. திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். பின்னர் அதே நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார்.

ஆவணக் காப்பாளர் என்னும் பதவியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது, எப்போது கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் நாற்காலி அது. அன்றைய நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் கீழ்நிலை ஊழியர்களின் சம்பளம் சொற்பம். அழைப்பாணை கொண்டுபோகும் சேவகருக்குப் பேட்டா, ஏலம் போடும் அமீனாவுக்கு ஒரு தொகை, கட்டைத் தேடி எடுக்கும் குமாஸ்தாவுக்கு ஒரு தொகை என்பதெல்லாம் வழக்கமாகிப் போயிருந்தன. பெரியவர்களைக் காணச் செல்வோர் எலுமிச்சம்பழத்தோடு செல்வது மரியாதை. பழத்தோடு வேறு எது சேரும்போது மரியாதை முடிந்து கையூட்டுத் தொடங்குகிறது என்று எந்தச் சட்டமும் கோடு கிழித்துக் காட்டவில்லை.

அந்தக் காலத்து நிலையை அறிய இலக்கியத்தைத் தேட வேண்டியதில்லை. அரசின் அறிக்கையே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் குடிமக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை விசாரித்த ஆணையம் 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுவோரும் காவல் புரிவோரும் ஒரே ஆட்களாக இருந்ததையும், வன்முறையும் பணம் பறித்தலும் கைகோத்து நடந்ததையும் அது வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவாகவே 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணத்தின் காவல் துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த அறிக்கையில் கொடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது, கொடியவர் அல்லாத பலரும் சிறிது சிறிதாக வாங்கியும் கொடுத்தும் பாராமுகமாக இருந்துமே அந்த அமைப்பு நடந்து வந்தது என்பதுதான்.

இந்தச் சூழலில்தான் 1850-களின் பிற்பகுதியில் வேதநாயகர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். டேனியர்களிடமிருந்து 1845-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய ஊர் அது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய, சீர்திருத்தச் சபையின் தொட்டில். அங்கே ஒரு கத்தோலிக்கர் நீதி வழங்க அமர்ந்தார். பிறகு சீர்காழி. அதன் பின் பதின்மூன்று ஆண்டுகள் மாயூரம். அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பதவியேற்ற சில ஆண்டுகளில், 1859-இல், அவர் 'நீதிநூல்' வெளியிட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் பொய், களவு, புறங்கூறல், பொறாமை, சோம்பல், உலோபம், மது, சூது என அன்றாட வாழ்வின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். கைக்கூலிக்குத் தனி அதிகாரமே உண்டு. பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி, தம் சக அதிகாரிகள் வாசிக்கும்படி கைக்கூலியைப் பாடலாக்கியது சிறிய காரியமன்று. வாங்குகிற அதிகாரியைக் கள்வனுக்கும் கீழானவனாக அவர் வைக்கிறார். கள்வன் ஒளிந்து வருகிறான். இவனோ காப்பவனாக வேடமிட்டு அமர்ந்திருக்கிறான் என்பது அவருடைய வாதத்தின் போக்கு.

ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இந்த அதிகாரங்கள் புதியவையல்ல. அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்ற ஏழு தலையான பாவங்களைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். அந்தப் பட்டியலின் சாயலை நீதிநூலில் காண்கிறேன். ஆனால் வேதநாயகர் அதைக் கோயிலுக்குள் வைத்துப் பேசவில்லை. சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் ஓதத்தக்க பொதுவான கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, வீடு, கடை, கச்சேரி, மனைவி மக்கள், வேலைக்காரர் என்று நடமாடுகிறார். சிரிக்க வைத்தபடியே குத்துகிறார். திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் அளித்ததில் வியப்பில்லை. அதே மகாவித்துவான் வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்தூர்க் கோவை' பாடினார் என்பது வேறு கதை. பதவியில் இருப்பவருக்குக் கோவை பாடுவது எலுமிச்சம்பழத்தில் சேருமா என்று பொருளாதாரப் பேராசிரியனின் குறும்புப் புத்தி கேட்கிறது. சேராது என்றே நினைக்கிறேன்; மகாவித்துவானுக்கு அவர் முன் வழக்கேதும் இருந்ததாகத் தெரியவில்லை, நட்பு மட்டும் இருந்தது.

நூல் எழுதுவதால் பாவம் குறையுமா? குறையாது. அறநூல்களுக்குத் தமிழில் என்றுமே பஞ்சமில்லை. இந்த இடத்தில்தான் வேதநாயகர் மற்ற அறநூலாசிரியர்களிடமிருந்து வேறுபடுகிறார் என்பது என் கருத்து.

பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்களாகத் திருச்சபை கற்பிப்பவை ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் பாவத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகியன. இவற்றுள் பிரதிக்கினையோடு ஒட்டி வரும் ஒரு நிபந்தனையைப் பலரும் விரைந்து கடந்துவிடுவர். பாவத்தை மட்டுமன்றி, பாவத்துக்கு ஏதுவான சமயங்களையும் விட்டு விலக வேண்டும் என்பதே அது. குடிப்பதில்லை என்று சபதம் செய்தால் போதாது. கடை இருக்கும் தெரு வழியே வீடு திரும்பக் கூடாது. மன உறுதியை நம்பி மட்டும் பாவத்தோடு மோதாதே, மோதும் இடத்தையே மாற்று என்ற இந்த அறிவு ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்துக்குப் பின் எவருக்கும் வியப்பளிக்கக் கூடாது. செய்ய விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல், விரும்பாத தீமையையே செய்து நிற்கும் தம் நிலையைப் பவுல் அங்கே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

பொருளாதாரம் இதே இடத்துக்கு மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. 2005-இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், ஒரே மனிதனுக்குள் நாளையைப் பற்றிக் கவலைப்படும் ஒருவனும் இன்றைக்கு மட்டும் வாழும் ஒருவனும் ஓயாமல் போராடுவதை ஆராய்ந்தார். புகைப்பதை விட நினைப்பவன் வீட்டில் சிகரெட்டே இல்லாமல் பார்த்துக்கொள்வதுபோல, முதலாமவன் முன்னதாகவே கதவை அடைத்து வைத்தால்தான் வெல்ல முடியும் என்பது அவர் கண்ட வழிகளுள் ஒன்று. வகுப்பில் இதை நடத்தியபோதெல்லாம், இது ஞானோபதேசத்தில் உள்ளதாயிற்றே என்று எனக்குள் தோன்றியதுண்டு.

வேதநாயகர் தம் நீதிமன்றத்தில் பாவத்துக்கு ஏதுவான சமயம் எது என்று தேடினார். அவர் கண்டது மொழி. சட்டமும் மேல்நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடும் குடியானவருக்கு ஆங்கிலம் தெரியாது. தம் வழக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியவே அவர் இன்னொருவரை நாட வேண்டும். அந்த இன்னொருவர் நல்லவராக இருந்தாலும், அவர் கையில் இருப்பது விலை வைக்கத்தக்க ஓர் இரகசியம். தினமும் இருபது பேர் வந்து அந்த இரகசியத்தை விலை கேட்டால், எத்தனை நாள் அவர் விற்காமல் இருப்பார்?

அவர் செய்த காரியம் மலைக்க வைப்பது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சட்ட நெறி, முதன்முறையாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் எட்டும் தூரத்தில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் எழுதிய நாவலிலும் இதை அவர் விடவில்லை. தமிழ் நாட்டில், தமிழ் அறிந்த நீதிபதி முன்பு, தமிழ்க் கட்சிக்காரருக்காகத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையைப் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் எள்ளி நகையாடுகிறார். இதை மொழிப்பற்று என்று மட்டும் வாசிப்போர் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். இருட்டில் நடக்கும் வியாபாரத்தை ஒழிக்க விளக்கேற்றிய ஒரு நீதிபதியின் செயலும் இதில் இருக்கிறது.

கையூட்டைச் சக்கரத்துக்கு இடும் மசகெண்ணெய் என்று வாதிட்ட அறிஞர்கள் 1960-களில் இருந்தார்கள். எங்கள் மாணவப் பருவத்தில் அந்த வாதத்துக்குச் செல்வாக்கும் இருந்தது. அதற்கு மறுப்பு இந்தியாவிலிருந்தே வந்தது. க. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-இல் அளித்த அறிக்கை, வேகத்துக்காகக் கொடுக்கும் பணமே தாமதத்தை உண்டாக்குகிறது என்ற உண்மையைச் சுட்டியது. பணம் வரும் என்று தெரிந்தால், பணம் வராத கோப்புகள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்படுகின்றன. நான் கொடுக்கும் நூறு ரூபாய், எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கைம்பெண்ணின் கோப்பின் மேல் ஒரு கல்லை ஏற்றி வைக்கிறது. அற்பப் பாவத்தை அற்பம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாமல் போனது இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கிய பிறகுதான்.

வேதநாயகரின் பணி வாழ்க்கை அமைதியாக முடியவில்லை. மேலதிகாரியான ஆங்கிலேய நீதிபதியோடு ஏற்பட்ட பிணக்கு, அவர் பணியிலிருந்து விலகக் காரணமாயிற்று என்பர். நேர்மையாளருக்கும் பணிந்து போகத் தெரியாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மேலதிகாரிகளின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. விலகிய பின் மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காகப் 'பெண்மதி மாலை' எழுதியதோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளியும் தொடங்கினார். மணந்த மனைவியர் ஒருவர் பின் ஒருவராக மறைந்த துயரமும் அவர் வாழ்வில் உண்டு.

பிறகு வந்தது 1876. பருவமழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சம் 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நிவாரணப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். அது உயிரைப் பிடித்து வைக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சென்னையில் பேசின் பாலத்தின் பக்கமிருந்து அடையாறு வரை பக்கிங்ஹாம் கால்வாயை இணைத்து வெட்டியது அந்தப் பஞ்சத்தில் பிழைக்க வந்த கூட்டம்தான். எங்கள் பகுதியை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் அந்த நீரைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாயூரத்தின் நிலை வேறு. காவிரிப் பாசனம் உள்ள தஞ்சைத் தரணியில் விளைச்சல் அடியோடு அழிந்துவிடவில்லை. அழிந்திருந்தால்கூட ஒருவகையில் சோதனை எளிது. களஞ்சியத்தில் நெல் இருந்தது. வெளியே விலை நாளுக்கு நாள் ஏறியது. பட்டினியால் ஊர்விட்டு வந்தவர்கள் தெருவில் விழுந்தார்கள். நெல்லை வைத்திருந்தவர் எவரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்து விற்கலாம் என்று எண்ணினார்கள், அவ்வளவே. சந்தையின் விதிப்படி அதில் பிழை காண முடியாது என்று நானே கரும்பலகையில் வரைபடம் போட்டு விளக்க முடியும். ஞானோபதேசம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஏழில் நான்காவதாக வருகிறதே, லோபித்தனம்.

வேதநாயகர் தம் செலவில் கஞ்சித்தொட்டி திறந்தார். சேர்த்த பொருளை அதில் கரைத்தார். அப்போது அவர் முன்சீப் அல்லர். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கவில்லை. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தர், இந்தக் கிறிஸ்தவரின் கொடையைக் கண்டு அவர்மீது ஒரு கீர்த்தனை பாடினார். பஞ்சம் முடியும் ஆண்டான 1878-இல் வேதநாயகரின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது. அதிலுள்ள பாடல்கள் சில இன்றும் இசை மேடைகளில் ஒலிக்கின்றன. பாடுவோருக்கும் கேட்போருக்கும் இயற்றியவர் பெயர் சில வேளைகளில் நினைவுக்கு வராது. அவற்றில் கடவுளிடம் அவர் இறைஞ்சுவதை வாசிக்கும்போது, தம்மை வென்று முடித்துவிட்ட ஒருவரின் குரல் அதில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். தொடர்ந்து தவறிக்கொண்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டும் இருக்கிற ஒருவரின் குரல் அது.

மறு ஆண்டு நாவல் வந்தது. கதைத் தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதியில், நீதிமன்றமும் அதிகாரிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று கதையை நிறுத்திவிட்டே பாடம் நடத்துகிறார் ஆசிரியர். இலக்கிய விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். சரிதான், கலை நோக்கில் குறைதான். எனக்கோ, வேலையை விட்டு வந்த பிறகும் அலுவலகத்தைக் கனவில் காணும் நேர்மையான ஓர் அரசு ஊழியரை அந்தப் பக்கங்களில் பார்க்க முடிகிறது. 1887-இல் 'சுகுண சுந்தரி சரித்திரம்'. 1889 ஜூலை 21 அன்று மாயூரத்திலேயே மறைந்தார்.

கீழமை நீதிமன்றங்களில் இன்று தமிழ் நுழைந்திருக்கிறது. உயர் நீதிமன்றம் இன்னமும் ஆங்கிலத்தில்தான் இயங்குகிறது. அங்கிருந்து வரும் உத்தரவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவினர் சில நேரம் என்னிடம் வருவார்கள். பட்டா, ஓய்வூதியம், பணிக்கொடை என ஏதாவது ஒன்றாக இருக்கும். நான்கு பக்கம், ஐந்து பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நிற்பார்கள். முடித்த பின், இதையே சொல்வதற்கு முன்பே ஒருவர் ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார் என்பார்கள். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதானா என்று இன்னொருமுறை கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே தாளை மடிப்பார்கள்.